வாசலில் வரைந்த கடல்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. கீழே நானும் மகளும் இருக்கிறோம். மாடியில் உள்ள மூன்று அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். தீபம் முடிந்த கையோடு நார்வே நாட்டிலிருந்து ஓர் அம்மா வந்து சேர்ந்தார். எழுபது வயதிருக்கும், தனி ஆள்.

எனக்குப் பேச்சு பிடிக்கும். ஆனால் நான் பேச வேண்டும். அடுத்தவர் பேச ஆரம்பித்தால் எனக்கு அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்துவிடும். அந்த அம்மாவோ காலையில் இட்லிக்கு உட்கார்ந்தால் தன் ஊர்க் கதையை எடுத்துவிடுவார். என் இங்கிலீஷ் அரைகுறை என்பதால், கல்லூரியில் படிக்கும் மகள்தான் எடுத்துச் சொல்வாள்.

அவர் பிறந்த ஊரில் இரண்டு மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே வந்து கிடக்குமாம். அதை ஃபியோர்ட் என்பார்களாம். ஒரு காலத்தில் அங்கே மலை உயரத்துக்குப் பனிக்கட்டி இருந்ததாம். அது மெல்ல மெல்ல நகர்ந்து பாறையையே குடைந்து பள்ளமாக்கி, பிறகு உருகிப்போக, அந்தப் பள்ளத்தில் கடல் வந்து புகுந்துகொண்டதாம். பனி தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் கடல் நுழைகிற வாயில் குவிந்துவிட்டதால் அங்கே ஆழம் கம்மி, உள்ளேதான் ஜாஸ்தி. அந்தக் கரையில் இருக்கும் பூர்வீக வீட்டில் இன்னும் தங்கை இருக்கிறாள் என்றும் சொல்வார். "சரிங்க சரிங்க, இன்னும் கொஞ்சம் சட்னி போடட்டுமா?" என்பேன் நான்.

அந்தக் கடலுக்குப் பெயர் வைத்த கதையும் உண்டு. பெயர் என் வாயில் நுழையாது. 'குறுகல்' என்று அர்த்தமாம். படகுக்காரர்கள் பார்த்ததைப் பார்த்தபடியே பெயராக வைத்துவிட்டார்களாம். இதைக் கேட்டு நான், "எங்க ஊர்ல கூட மேட்டுத்தெரு, பள்ளத்தெருன்னு இருக்குது" என்றேன். அதற்கு அவர் வெகுநேரம் சிரித்தார்.

மார்கழி பிறந்ததும், நான் கோலம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், ஒருநாள் மாவைக் கையில் வாங்கினார். என் கோலத்துக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்தார். நீளமாகப் போய், வலது பக்கம் வளைந்து, ஒரு சின்னக் கிளை விட்டு, மேலே போய் முடிந்தது. அதை ஒட்டியே மறு கோடு திரும்பி வந்தது. கீழே இரண்டு கோடுகளும் சேரவில்லை, அகலமாகத் திறந்து நின்றன. வளைவில் ஒரு புள்ளி வைத்து, "வீடு" என்றார். அந்த ஒரு தமிழ் வார்த்தை தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் அதே படம். எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கோலம் பாதியில நிக்குது?" என்று கேட்டாள். எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. கோடு கூடாத கோலம் வாசலுக்கு ஆகாது என்று வளர்ந்தவள் நான். அதனால் அவர் மாடிக்குப் போனதும், ஒரு சிட்டிகை மாவெடுத்து, அந்தத் திறந்த இடத்தை வளைத்து மூடிவிடுவேன். அவர் என்றைக்கும் அதைப்பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. காலைச் சாப்பாட்டில் அவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. நான் பதறிப்போய்க் கூப்பிட, அவர் என்னவோ சொன்னார். அது இங்கிலீஷ் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு அவர் தாய்மொழி மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் வெளியே வந்தார். "ஏம்மா, இவங்களுக்குச் சொந்தக்காரங்க யார்னா இருக்காங்களா? மூளையில ரத்தம் உறைஞ்சு அடைச்சுருக்குது. அதைக் கரைக்க ஊசி இருக்குது, சீக்கிரமா போடணும். ஆனா ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்துக்குறவங்கன்னா, அதே ஊசி ஆளைக் கொன்னுடும். எனக்கு அது தெரியணும்."

மகள் வீட்டுக்கு ஓடிப்போய் அவர் பையைக் கொண்டுவந்தாள். கிழமை எழுதிய டப்பாவில் மாத்திரைகள் இருந்தன, பெயர் எழுதிய அட்டை ஒன்றுகூட இல்லை. போனைத் திறக்க நம்பர் கேட்டது. எங்களிடம் கொடுத்த விலாசம் அவர் விற்றுவிட்டு வந்ததாகச் சொன்ன வீடு, அதிலிருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. தூதரகத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். உள்ளே அவர் யாருக்கும் புரியாத மொழியில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தங்கை வீடு இருக்கும் அந்தக் கடலின் பெயர் மகளுக்குத்தான் ஞாபகம் இருந்தது. போன் மேப்பில் தேடினாள். அதே பெயரில் ஏழு வந்தன. குறுகலாக இருப்பதையெல்லாம் குறுகல் என்று வைத்தால் வேறென்ன ஆகும்? "இதாம்மா? இதுவா?" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். எனக்கு எல்லாமே மரத்தின் வேர் போலத்தான் தெரிந்தன. கண்ணுக்குப் பிடிபடவில்லை, ஆனால் நாள்தவறாமல் பார்த்த கோலத்தைக் கை மறக்காது. ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் வரைந்தேன். நீளம், வலது வளைவு, சின்னக் கிளை, திரும்பி வரும் கோடு. மறுபடி ஏழையும் பார்த்தோம். ஒன்று கொஞ்சம் ஒத்துவந்தது. "இது வாயை அகலமா தொறந்துக்கினு இருக்குதுடி, இது இல்ல" என்று நானே தள்ளிவிட்டேன்.

மகள் என் படத்தையே உற்றுப் பார்த்தாள். "அம்மா, கீழ எதுக்கு மூடியிருக்க? அவங்க ஒருநாளும் மூடலையே. நீதானே போய் மூடுவ?"

அவர் திறந்து வைத்திருந்தது கடல் உள்ளே வருகிற வழி. நான் அதைத் தினமும் அடைத்திருக்கிறேன். அதுவும் போதாதென்று, அவர் உயிர் போகிற நேரத்தில் மறுபடியும் அடைத்தேன்.

நான் தள்ளிவிட்டதைத் திரும்ப எடுத்தோம். வளைவில், அவர் புள்ளி வைத்த இடத்தில், நாலைந்து கூரைகள். பக்கத்தில் படகுத்துறையில் ஒரு கடை, அதற்கு ஒரு நம்பர். அங்கே காலை எட்டு மணியாம், இன்னும் விடியவில்லையாம். மகள் சொன்னதைக் கேட்ட கடைக்காரர், காத்திருக்கச் சொல்லிவிட்டு, போனும் கையுமாகத் தங்கை வீட்டுக்கு ஓடியிருக்கிறார். போன் வழியாக அவர் ஓடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. நான் அண்ணாமலையாரே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தங்கை மூச்சு வாங்கப் போனுக்கு வந்தார். டாக்டர் கேட்ட ஒரே கேள்விக்கு, ஆமாம், எடுக்கிறாள், இரண்டு வருடமாக, என்றார். மாத்திரையின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னார். டாக்டர் அந்த ஊசியைப் போடவில்லை. வேறு வழியில் வைத்தியம் பார்த்தார்.

அப்புறம் போனை அந்த அம்மாவின் காதருகே பிடித்தேன். தங்கை மெதுவாகப் பேசப் பேச, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த அவர் கை தளர்ந்தது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அழுதேன்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை வந்து கூட்டிப்போனார். பேச்சு பாதிதான் திரும்பியிருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டு, அவர் மொழியில் ஏதோ சொன்னார். என்னவென்று தங்கையிடம் கேட்டேன். "சாப்பிட்டியான்னு கேக்குறாங்கம்மா" என்று, தங்கை இங்கிலீஷில் சொன்னதை மகள் எடுத்துச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நான் அவரிடம் வேளைக்கு வேளை கேட்டது அதைத்தான்.

இப்போதெல்லாம் மாடியில் தங்குகிறவர்கள் ஊர்க் கதையை ஆரம்பித்தால், அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்காருகிறேன். ஏறக்குறைய ஒரு மாதம் தினமும் தன் வீட்டு விலாசத்தை என் வாசலிலேயே எழுதிக் காட்டியவரை, கோலம் போடத் தெரியாதவர் என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருந்தவள் நான்.