விமானப் படமும் விடுதிப் பிள்ளைகளும்

காலை ஒன்பது மணிக் காட்சிக்கு ஆறு மணிக்கே நானூறு பேர் கேட்டை ஆட்டினார்கள். உள்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது வாட்ச்மேன் பழனியும் நானும். நாமக்கல்லில் தியேட்டர் மேனேஜராக இருப்பவனுக்குப் படம் ஓடினாலும் திட்டு, ஓடாவிட்டாலும் திட்டு. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற எல்லோருக்கும் இது புரியும். இந்த முறை வந்தது ஒரு போர் விமானப் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவர்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்தார்கள்.

தொழில்காரர் பார்வை

இடைவேளையில் லாரிக்குப் பாடி கட்டி, ஓடத் தகுதியானது என்ற எஃப்சி சான்றிதழுக்கு அனுப்பும் பட்டறைக்கார ராமசாமி அண்ணன் என்னைத் தேடி வந்தார். சற்றுமுன்தான் எதிரியின் ஏவுகணை கதாநாயகனுடைய விமானத்தின் ஒரு பக்க இறக்கையைப் பிய்த்திருந்தது. அவன் மீதி இறக்கையோடு மலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பத்திரமாகத் தரையிறங்க, அரங்கமே விசிலடித்தது. அண்ணன் முகத்தில் மட்டும் வருத்தம்.

"ஏனுங்க மேனேஜரே, ஒத்த ரெக்கை வண்டிக்கு எவனுங்க எஃப்சி குடுத்தான்?"

இரண்டாவது தணிக்கை

அடுத்த வாரம், விடுதியோடு நடக்கும் ஒரு பள்ளியின் நிர்வாகி வந்தார். பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் படம் என்று யாரோ சொன்னார்களாம். ஒரு காலைக் காட்சியை முழுவதுமாக எடுத்துக்கொண்டார். தணிக்கைக் குழு விட்டுவைத்ததை அவர் விடவில்லை. காதல் பாட்டைக் காட்டாமல் தாண்டி ஓட்டிவிட வேண்டும். கதாநாயகன் மேலதிகாரியை எதிர்த்துப் பேசும்போது சத்தத்தைக் குறைக்க வேண்டும். பயிற்சித் தேர்வில் அவன் தோற்கும் காட்சி வரவே கூடாது.

"அதை எடுத்துட்டா கதையே புரியாதுங்களே" என்றேன்.

"புரியறதுக்கு நாங்க ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வெச்சுக்கறமுங்க."

டார்ச்சுக்கு ஓர் ஆள்

அந்தக் காட்சியன்று கவுண்டரில் ஓர் அம்மாள் நின்றார். ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுபவர். மகள் அந்தப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோரைப் பார்க்க விடுவார்கள். தேர்வைக் காரணம் காட்டி இரண்டு மாதமாக அதுவும் இல்லை. படத்துக்குக் கூட்டிப்போகும் செய்தி மட்டும் போனுக்கு வந்திருக்கிறது.

"அவ பக்கத்துல ஒரு சீட்டு குடுங்க சாமி. பேச்சே குடுக்க மாட்டேன்."

விற்க என்னிடம் ஒரு சீட்டும் இல்லை. வாசலில் வார்டன்கள், கோழிப்பண்ணையில் முட்டையை அட்டையில் அடுக்குவதுபோல வரிசை வரிசையாக எண்ணி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் தியேட்டர் ஆட்களை அவர்கள் எண்ணுவதில்லை. இருட்டில் சீட்டுக் காட்டும் ஊழியர் லீவில் போயிருந்தார்; அவருடைய டார்ச்சை எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். பழனி என் காதருகே வந்தான்.

"அதுக்கு டார்ச்சு எந்தப் பக்கம் எரியும்னே தெரியலீங்களே!"

ஊக்கம்

முதல் விமானம் கிளம்பும்போதே பள்ளிக்கூடம் மொத்தமும் தூங்கிப்போனது. விடியுமுன் எழுப்பப்படும் பிள்ளைகளுக்கு இருட்டும் ஏசியும் கிடைத்தால் வேறென்ன செய்வார்கள்? வார்டன்கள் ஒரு வரிசையை உலுக்கி எழுப்பினால் அடுத்த வரிசை சாய்ந்தது. ஒருவர் என் அறைக்கு ஓடிவந்து, சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். திரையில் ஒரு விமானத்தளமே வெடித்துச் சிதறியது. ஒரு தலைகூட நிமிரவில்லை.

எட்டிப் பார்த்தேன். நடைபாதைப் படியில் அந்த அம்மாள் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஓரத்து இருக்கையிலிருந்து சரிந்த மகளின் தலை அவர் தோளில் இருந்தது. படம் முடியும்வரை அவர் அசையவில்லை. விளக்கு எரிந்ததும் வார்டன்கள் விசில் ஊதினார்கள். அந்தப் பெண் கண்விழித்து, "அம்மா" என்றாள். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

டார்ச்சைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம், "எழுப்பிப் பேசியிருக்கலாமேம்மா" என்றேன்.

"மனசு வல்லீங்க. என்ற புள்ள நல்லாத் தூங்குச்சு சாமி. சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறச்சிருக்கலாமுங்க."

அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, பிள்ளைகளுக்கு வெளியே போய்வரும் சிரமம் வேண்டாம் என்று, வளாகத்துக்குள்ளேயே ஒரு திரையரங்கம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது.