எதிர்வாடையில் நின்று வாங்கிய பியானோ

மகளைத் தட்டித் தூங்க வைக்கும்போதுதான் அது தொடங்கியது. அவள் முதுகில் தட்டிக்கொண்டிருந்த என் வலது கை, எனக்குத் தெரியாமலே, பள்ளி நாட்களில் பியானோவில் பழகிய ஒரு பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து வெளியே வரும் இடம்கூடத் தப்பவில்லை. மகள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் அன்று மதியம் தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக விட்டது. பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம், குழந்தை. இனிமேல் வாசித்து என்ன ஆகப்போகிறது, அந்த நேரத்தில் குழந்தைக்கு ஒரு கதை சொல்லலாமே, கூடத்தில் அவள் ஓடியாட இருக்கும் இடமும் போய்விடுமே என்று யோசித்து யோசித்தே பல மாதங்கள் கழிந்தன. அம்மாவின் பழைய பியானோவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்றார் கணவர். சிவகாசியில் அம்மா அதை இன்றும் தினமும் வாசிக்கிறாள். கேட்க மனம் வரவில்லை.

கடைசியில் போன மாதம் விருதுநகரிலிருந்து மூவரும் மதுரைக்குப் போனோம். இசைக்கருவிக் கடையில், சுவரோரம் அலமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கும் பியானோக்கள் இரண்டை எனக்குக் காட்டினார்கள். இரண்டின் முன்னாலும் மாறி மாறி உட்கார்ந்தேன்.

"பாப்பாவுக்கா மேடம்?" என்று கேட்டாள் கடையில் இருந்த பெண்.

மகளுக்கு இன்னும் இரண்டரை வயது ஆகவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஏன் அப்படிச் சொன்னோம் என்று உறுத்தியது. எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. மூடி குழந்தையின் விரலில் விழுமா, மூலை நெற்றியில் இடிக்குமா என்றெல்லாம் கேட்டேன். எதன் ஓசை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மட்டும் என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கணவர் வாசலில் நின்றபடி, "எதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்றார். அப்படி ஒருவர் கடை வாசலில் நின்று கேட்டதும் எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. பெரியப்பா குடும்பமும் நாங்களும் சிவகாசியில் ஒரே வீட்டில் இருந்தோம். எம். புதுப்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு பட்டாசு ஆலை. எங்கள் பக்கத்தில் அதைப் பட்டாசு ஆபீஸ் என்போம். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து அதை நடத்தினார்கள். சேர்ந்து என்றால், பெரியப்பா சொல்வார், அப்பா "சரி அண்ணாச்சி" என்பார்.

சோதித்துப் பார்க்காமல் பெரியப்பா ஒரு தீப்பெட்டிகூட வாங்க மாட்டார். தீபாவளி சீசனுக்கு முன்னால் புது ரகம் எதுவும் தயாரானால், ஆபீசுக்கு வெகுதூரம் தள்ளி இருந்த பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். பெரியப்பா தொலைவில் ஒரு வேம்புக்கு அடியில் முதுகைக் காட்டி நிற்பார். வெடியைப் பார்க்க மாட்டார், கேட்பார். காசு கொடுத்து வாங்குகிறவன் ஒருவன்தான், கேட்கிறது தெரு முழுக்க என்பது அவருடைய வாதம். "பத்த வையி" என்பார். சத்தம் வந்ததும், தாள் சுற்று தளர்ச்சி, மருந்து குறைச்சல், இது நமுத்தது என்று திரும்பாமலே சொல்வார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

தம்பி மனைவி, கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே அம்மாவும் பெரியப்பாவும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "தாயி, ஒங்கம்மாவ மோர் கொண்டாரச் சொல்லு" என்பார் அவர். அம்மா மோரோடு வந்து அவருக்கு மூன்றடி தள்ளி நின்று, "உப்புப் போட்டிருக்குன்னு பெரியப்பாகிட்ட சொல்லு" என்பாள். "உப்புப் போட்டிருக்காம் பெரியப்பா" என்பேன். நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும் என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது.

அம்மா கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே எட்டு வயதிலிருந்து பியானோ கற்றிருக்கிறாள். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது. ஒரு நாள், என் பிறந்தநாளுக்கு வந்த பொம்மை கீபோர்டை, அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வந்த அம்மா சும்மா ஒரு விரலால் தொட்டாள். பிறகு இரண்டு கையாலும் வாசிக்க ஆரம்பித்தாள். குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பெரியப்பா.

அன்று சாதம் களியாகிவிட்டது. பெரியப்பா அதையே பிசைந்துகொண்டு, "இம்புட்டுத் தெரிஞ்சிருக்கு, ஏன் சொல்லலன்னு ஒங்கம்மாகிட்டக் கேளு தாயி" என்றார்.

"யாரும் கேக்கலன்னு சொல்லு" என்றாள் அம்மா.

நான் சொன்னேன். அவர் ரசம் ஊற்றிக்கொண்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "ஏலே, பியானோ ஒண்ணு வாங்கிப் போட்ருவோம். நம்மூர்ல எவன் வீட்ல இருக்கு? வடக்க இருந்து ஏஜெண்டுக வந்தா ஹால்ல ஒக்காந்து கேக்கட்டும். சத்தம் தெருமுக்கு வரைக்கும் போகணும்."

அம்மாவின் முகம் மலர்ந்ததையும், ஹால் என்றதும் அது கொஞ்சம் சுருங்கியதையும் பார்த்தேன். ஹாலைத் துடைக்கிற வேலை கூடுமே என்று நினைக்கிறாள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காரில் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு பியானோக் கடையில் விற்பனைக்கு இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு, என் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. இன்னொன்று பழுப்பு, ஓரங்களில் தேய்ந்தது. எனக்குக் கறுப்புதான் பிடித்தது. அதில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முதலில் கறுப்பை ஒற்றை விரலால் தொட்டாள். மெதுவாகத்தான் தொட்டாள். ஆனால் அது எங்கள் வீட்டு ஆட்களைப் போல எடுத்த எடுப்பிலேயே உரக்கப் பேசியது. பிறகு பழுப்பைத் தொட்டாள். அதன் குரல் அவ்வளவு சின்னதாக இருந்ததால் நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு கிட்டே போனேன். இன்னும் மெதுவாகத் தொட்டாள். அது இன்னும் மெதுவாகச் சொன்னது. அம்மா சிரித்தாள். அதைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை.

இதெல்லாம் பெரியப்பாவுக்குச் சோதனையே இல்லை. "வெடியப் பக்கத்துல நின்னா பாப்பாக?" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்வாடைக்குப் போனார். அங்கே ஒரு பெயிண்ட் கடை வாசலில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அப்பாவைப் பியானோக் கடை வாசலில் நிறுத்தியிருந்தார். நடுவே பஸ்களும் ஆட்டோக்களும் ஓடிக்கொண்டிருந்தன.

பெரியப்பா கையை உயர்த்தினார். வாயசைவிலிருந்தே எனக்குத் தெரிந்தது, "பத்த வையி" என்றுதான் சொன்னார். "கறுப்பு" என்றார் அப்பா.

அம்மா கறுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். பியானோவின் அடியில், காலால் அழுத்த மூன்று மிதிகள் இருந்தன. அம்மா நடுமிதியை அழுத்திக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினாள். உள்ளே ஏதோ துணி இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அதன்பின் அவள் வாசித்த வாசிப்பு, தலையணைக்கு அடியில் யாரோ வாசிப்பதுபோல இருந்தது. விரல்கள் மட்டும் பெரிதாகக் குதித்தன. கடைக்காரர் அம்மாவின் காலைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

"பழுப்பு" என்றார் அப்பா.

பழுப்பில் இரண்டே மிதிகள். அம்மா வலதுமிதியை அழுத்திக்கொண்டு, ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிறவளைப் போலத் தோள் அசைய, இருந்த பலத்தையெல்லாம் போட்டு வாசித்தாள். அவ்வளவு சின்னக் குரலில் பேசிய பியானோ அலறியது. "அம்மா, கால..." என்று ஆரம்பித்தேன். "சும்மா இரு" என்றாள், உதடு அசையாமல்.

பெரியப்பா கழுத்தைத் துடைத்தபடி திரும்பி வந்தார். "கறுப்பு நமுத்துல்ல கெடக்கு" என்றார். இரண்டு பியானோக்களையும் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு என் முன்னால் குனிந்தார். "நீ பக்கத்துல இருந்தியே தாயி, ஒனக்கு எது நல்லாருந்துச்சு?"

அம்மா பழுப்புப் பியானோவின் மூடிமேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் அப்படித்தான் வைப்பாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கறுப்பு வேண்டும். அம்மா காலால் ஏதோ தப்பாகச் செய்துவிட்டாள் என்று சொன்னால் அது கிடைத்துவிடும். சொல்லலாமா கூடாதா என்று கறுப்பையும் அம்மாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எனக்குப் பசிக்குது" என்றேன்.

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பழுப்பையே லோடு ஏத்தச் சொல்லுலே" என்று அப்பாவிடம் சொன்னார்.

பியானோ வீட்டுக்கு வந்ததும் இன்னொரு ஆச்சரியம். ஹாலில் ஃபேன் காற்று பட்டால் மரம் காய்ந்து விரிசல் விட்டுவிடும் என்று சொல்லி, அதை மாடியில் பின்பக்கத்து அறையில் வைக்கச் சொன்னார் பெரியப்பா. மாடியிலும் ஃபேன் இருந்தது. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. எங்கள் ஊர் வறட்சியில் மரம் காய்ந்துவிடாமல் இருக்க, அம்மா பியானோவின் அடியில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பாள். மதியம் எல்லாரும் ஆபீசுக்குப் போனபின் மாடிக்குப் போவாள். கீழே இருந்தால் ஒன்றும் கேட்காது. மாடிப்படியில் பாதி ஏறினால் கேட்கும். நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான். சீசனில் வடக்கேயிருந்து வந்த ஏஜெண்டுகள் ஆசையாகக் கேட்டால், "அதுக்கு இன்னும் சுதி சேக்கல, அடுத்த வருசம் பாப்போம்" என்பார் பெரியப்பா. அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார். நல்ல பொருளை இவ்வளவு தூரம் போய் வாங்கிவந்து, இப்படி ரிப்பேர் என்கிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

இதையெல்லாம் நினைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, மகள் வந்து என் மடியில் ஏறினாள். இடதுபக்கத்துப் பியானோவை ஒற்றை விரலால், முடிந்த அளவு மெதுவாகத் தொட்டேன். கிட்டே குனிந்து கேட்கும்படி இருந்தது.

"இது" என்றேன் கடைப் பெண்ணிடம். "பாப்பாவுக்கு இல்லங்க. எனக்குத்தான்."

அவள் சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் பெயர் எழுதிக்கொள்ளப் போனாள். அவ்வளவுதான். நான் பயந்த அளவுக்கு யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

திரும்பும் வழியில் விருதுநகருக்குள் நுழையும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன என்று கேட்டார் கணவர். அந்தப் பழுப்புப் பியானோ வாங்கிய அன்று, மதுரையிலிருந்து திரும்பும்போது, என் பசிக்காக இங்கேதான் காரை நிறுத்தினார்கள். எண்ணெயில் பொரித்த பரோட்டா. பெரியப்பாவும் அப்பாவும் ஒரு மேசையில், நானும் அம்மாவும் அடுத்த மேசையில். பெரியப்பா விரலை வளைத்து என்னைக் கூப்பிட்டார்.

"நமுத்த வெடி வேற, நனைச்ச வெடி வேற. ரெண்டும் கேட்டாலே எனக்குத் தெரியும்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லு தாயி."

நான் அம்மாவிடம் வந்து ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். அம்மா கையிலிருந்த பரோட்டாவை இலையில் வைத்தாள். முகம் சிவந்துபோனது. அந்த மேசைப் பக்கம் பார்க்காமல், சேலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரின்னு சொல்லு" என்றாள்.

"சரியாம் பெரியப்பா" என்றேன்.

அவரும் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு பரோட்டா கேட்டார். அவ்வளவு தூரம் போய்ப் பியானோ வாங்கிவிட்டு வரும் வழியிலும் இவர்களால் வெடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லையே என்று அலுத்துக்கொண்டு, நான் என் இலைக்குத் திரும்பினேன்.