கேட்காமலே வந்த ஆப்

1. அந்த மெசேஜ் எல்லாம் வேணும்

அவர் போனைக் கவுண்டர் மேல் வைத்தார். ஆனால் கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தார். வெளியே சாரல், சட்டை தோளில் நனைந்திருந்தது. டோக்கன் எடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், ஒரு ஆப்ல டெலிட் பண்ணுன மெசேஜ் எல்லாம் எடுத்துத் தர முடியுமா?”

தென்காசியில் ஒரு செல்போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நான் டெக்னீஷியன். பெயர் கோமதி. அதற்கு முன்பு அதே கம்பெனி போன்களை ஷோரூமில் நின்று விற்கும் புரமோட்டர் வேலை பார்த்தேன். இந்த லைனுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் ஐசி மாற்றுவது பற்றியும் டிஸ்ப்ளே ஒட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். அதையெல்லாம் வீடியோ பார்த்தே பழகிக்கொள்ளலாம். இந்தச் சம்பவத்தை நான் சொன்னால்தான் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

ஷோரூமிலிருந்து சர்வீசுக்கு வந்து அப்போது எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“போன் உங்களுதா?” என்று கேட்டேன்.

“எம் பொண்டாட்டிக்கு உள்ளது.”

“அப்ப அவங்க வரணும் தம்பி. போன் யாரோடதோ அவங்க சொல்லாம நாங்க உள்ள போய்ப் பாக்கக் கூடாது.”

அவர் முகம் மாறிவிட்டது. “நீங்களும் பொம்பளதான. அதான் அவளுக்கு சப்போர்ட்டு பண்ணுதிய.”

இதற்குக் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் கண்ணைப் பார்த்தால் தூங்கிப் பல நாள் ஆனவர் மாதிரி இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் தானாகவே பேச ஆரம்பித்தார்.

பெயர் மாரித்துரை. கடையத்துக்காரர். ராணுவத்தில் வேலை. லீவில் வந்திருந்தார். மனைவி இசக்கி குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம் புக்கிங் பார்க்கிறாள். சீசன் நேரத்தில் எந்தெந்த ஊரிலிருந்தோ போன் வரும். லாட்ஜ் போர்டில் இருப்பதே அவள் நம்பர்தான். இதை ஆரம்பத்திலிருந்தே தன் வீட்டார் விரும்பவில்லை என்றார். இப்போது லீவில் வந்த இடத்தில், படம் பார்க்க அவள் போனை எடுத்தவர் அந்த ஆப்பைப் பார்த்துவிட்டார். அக்கம்பக்கத்து ஊர்களில் தனியாக இருக்கும் ஆண்களோடு பழகலாம் என்று சொல்லும் டேட்டிங் ஆப்.

“கேட்டா, நான் ஏத்தலங்கா. அது என்ன, ஆகாசத்துல இருந்தா விழும்? எங்கப்பா ஞாயித்துக்கெழம ரெண்டு வீட்டையும் வச்சுப் பேசணும்னு சொல்லிட்டாவ. அவ வீரகேரளம்புதூர்ல அவிய அம்மா வீட்டுக்குப் போயிட்டா.”

அன்று வெள்ளிக்கிழமை.

“நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க. நான் பாத்துச் சொல்லுதேன். என்ன இருக்கோ அதத்தான் சொல்லுவேன்” என்றேன். போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். வருவார் என்று நான் நினைக்கவில்லை.

2. சனிக்கிழமை

வந்தார்கள். இரண்டு பேரும் தனித்தனி பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். இசக்கிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கணவர் கையில் இருந்த போனைக் கேட்டு வாங்கி, பேட்டர்ன் போட்டுத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

“எல்லாத்தையும் பாருங்கக்கா. மறைக்க ஒண்ணுமில்ல.”

ஆப்பைத் தொட்டேன். உங்கள் மொபைல் எண்ணைப் போட்டுத் தொடங்குங்கள் என்று முதல் பக்கம் வந்தது. கணக்கே இல்லை. செட்டிங்சில் போய்ப் பார்த்தேன். அந்த ஆப் சேர்த்து வைத்திருந்த டேட்டா ஒன்றும் இல்லை. இன்ஸ்டால் ஆனதிலிருந்து யாரும் அதைத் திறந்ததாகத் தெரியவில்லை.

அதையெல்லாம் மாரித்துரையிடம் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். “லாக் அவுட் பண்ணிட்டு எல்லாத்தையும் அழிச்சிருப்பா. அவளுக்குத் தெரியாத வேலையா?”

பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. இந்த ஆப் எங்கிருந்து இன்ஸ்டால் ஆனது என்று சொல்லும் வரி. எல்லோரும் ஆப் இறக்கும் வழக்கமான ஸ்டோர் பெயர் அங்கே இல்லை. எங்கள் கம்பெனி போனோடு வைத்துத் தரும் ஆப் ஒன்றின் பெயர் இருந்தது. உங்களுக்கு ஏற்ற ஆப்களைப் பரிந்துரைக்கும் ஆப் அது. அதை அழிக்க முடியாது. அன்இன்ஸ்டால் பட்டனே கிடையாது. விளம்பரம் வருகிறது, கேம் தானாக வந்து நிற்கிறது என்று அதைப் பற்றிக் கஸ்டமர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். “கண்டதையும் தொடாதீங்க” என்று சொல்லி நாங்களும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த வரியைக் காட்டியும் அவர் நம்பவில்லை. “கம்பெனியே இதையா அனுப்பும்?” என்றார். அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு குடும்பத்துப் பெண்ணின் போனில் கேட்காமல் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும் என்று யார் நம்புவார்?

சர்வீசுக்குக் கொடுத்த போன் வரும்வரை கஸ்டமருக்குக் கொடுப்பதற்காக எங்களிடம் மாற்றுப் போன்கள் உண்டு. அதே மாடல் ஒன்று இருந்தது. அதை அவர்கள் முன்னாலேயே ஃபேக்டரி ரீசெட் போட்டேன். புதுப் போன் மாதிரி ஆகிவிட்டது.

“இப்ப இதுல ஒண்ணும் கிடையாது. பாத்துக்கங்க. கடையில எப்படி செட் பண்ணுவோமோ அப்படியே செட் பண்ணுதேன். பெறகு யாரும் தொடக் கூடாது.”

மொழி, வைஃபை, நெக்ஸ்ட், அக்ரி, நெக்ஸ்ட். ஷோரூமில் பழகிய கை, பார்க்காமலேயே ஓடியது. முடித்து, போனை மேஜையின் நடுவில் வைத்தேன். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். டீ வந்தது. இசக்கி குடிக்கவில்லை. மாரித்துரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் பயம். அன்றைக்கென்று பார்த்து ஒன்றும் வராமல் போனால், இந்தப் பெண்ணை நானே குழியில் தள்ளியவள் ஆவேன்.

முதலில் ஒரு கேம் வந்தது. பிறகு ஷாப்பிங் ஆப் ஒன்று. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மாரித்துரை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அந்த நேரத்தில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. அதே ஆப். இசக்கி போனில் இருந்த அதே சிவப்புப் படம்.

மாரித்துரை மெல்லக் கையை நீட்டி அந்தப் படத்தைத் தொடப் போனார். தொடாமலேயே கையை இழுத்துக்கொண்டார்.

“இசக்கி...” என்றார்.

அவள் அவரைப் பார்க்காமல் போனைப் பார்த்தபடியே சொன்னாள்:

“நாலு நாளா நான் சொன்னேன். ஒங்க அம்ம முன்னால சொன்னேன், பிள்ள தலையில அடிச்சுச் சொன்னேன். கேக்கல. இந்த மெஷினு ஒரு தடவ சொன்ன ஒடன நம்பிட்டிய.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. நான் எழுந்து போகலாமா என்று யோசித்தேன். அதற்குள் இசக்கி என் பக்கம் திரும்பினாள்.

“இந்தப் போன எனக்கு செட் பண்ணித் தந்ததே நீங்கதாம்லாக்கா. ஷோரூம்ல. எங்கையப் புடிச்சு வெரல் வைக்கச் சொன்னியள்லா.”

எனக்கு நினைவில்லை. ஒரு நாளில் எத்தனையோ போன் செட் பண்ணுவோம். ஆனாலும் மாற்றுப் போனை இன்னொரு தடவை ரீசெட் போட்டு, இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் நிறுத்தி வாசித்தேன். நாலாவதோ ஐந்தாவதோ பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: பரிந்துரைக்கும் ஆப்களைத் தானாக நிறுவ அனுமதிக்கிறேன். பக்கத்தில் ஒரு கட்டம். அதில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் அத்தனை வருடமும் நெக்ஸ்ட் அழுத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட வாசித்ததில்லை.

“டிக்கு போட்டது கம்பெனி. அழுத்தினது நானு. ஒனக்கு வாசிச்சுச் சொல்லாம ஓம் பேர்ல நான்தான் சம்மதம் சொல்லிருக்கேன், இசக்கி. மன்னிச்சுக்கம்மா.”

கவுண்டரில் உட்கார்ந்து ஒரு கஸ்டமரிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

3. எஞ்சினியர் ரிமார்க்ஸ்

மாரித்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டார். “எங்கப்பாவுக்கு நான் சொன்னா ஏறாது மேடம். எழுதித் தருவியளா?”

ஒவ்வொரு போனுக்கும் நாங்கள் எழுதும் ஜாப் ஷீட்டில் எஞ்சினியர் ரிமார்க்ஸ் என்று ஓர் இடம் உண்டு. இந்த மாதிரிக் கேஸ்களுக்கு நாங்கள் வழக்கமாக எழுதுவது ‘நோ ஃபால்ட் ஃபவுண்ட்’. போனில் குறை ஏதும் இல்லை என்று பொருள். எழுதினால் வேலை முடிந்தது. அன்று நான் தமிழில் எழுதினேன்: ‘இந்த ஆப்பைக் கஸ்டமர் இன்ஸ்டால் செய்யவில்லை. போனோடு வந்த கம்பெனி ஆப் தானாக இன்ஸ்டால் செய்தது. ஆப் ஒரு தடவைகூடப் பயன்படுத்தப்படவில்லை. அதே மாடலில் சோதித்து உறுதி செய்யப்பட்டது.’

இதற்கு சென்டரின் சீல் வேண்டும். சீல் அண்ணாச்சியிடம் இருந்தது. எங்கள் சென்டர் முதலாளி அவர். கம்பெனி அங்கீகாரத்தை எடுத்துவிட்டால் மறுநாளே ஷட்டரை இறக்க வேண்டியதுதான். எட்டுப் பேர் அங்கே வேலை பார்த்தோம். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

“எம்மா கோமதி, இது கம்பெனிக்காரன் கையில சிக்குச்சுன்னா நம்மள சும்மா விடுவானா?”

“விட மாட்டான் அண்ணாச்சி. வேண்டாம்னா நோ ஃபால்ட்னு மாத்தி எழுதிருதேன். அவங்ககிட்ட வாய்வார்த்தையாச் சொல்லிக்கிடலாம்.”

அவர் கேபினின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். இசக்கி பெஞ்சின் ஒரு ஓரத்திலும் மாரித்துரை இன்னொரு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஃபால்ட்டு இருக்குல்லா? இருக்கத எப்படிம்மா இல்லன்னு எழுதுவ?”

சீலை மையில் அழுத்தி ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். தன் கையெழுத்தையும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் கூடியபோது மாரித்துரையே அந்தத் தாளை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்திருக்கிறார். வாசித்து முடித்து, தப்பு என்னுடையது என்றும் சொல்லியிருக்கிறார். இசக்கி உடனே திரும்பி வரவில்லை. வேலையை விடச் சொல்லக் கூடாது, என் போனை என்னைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது என்று இரண்டு விஷயம் சொன்னாளாம். ஒப்புக்கொண்ட பிறகுதான் வந்தாள். லீவு முடியும்வரை அவரே தினமும் பைக்கில் அவளைக் குற்றாலத்து லாட்ஜில் கொண்டு விட்டார். ஒரு நாள் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, எங்களுக்குச் சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

4. அதற்குப் பிறகு

ஜாப் ஷீட் நகல் எப்படியும் கம்பெனிக்குப் போகும். அடுத்த வாரமே ஏரியா மேனேஜர் அண்ணாச்சியைப் போனில் பிடித்தார். அவர் கத்தியது நாங்கள் ரிப்பேர் பார்க்கும் மேஜை வரை கேட்டது. அண்ணாச்சி முழுக்கக் கேட்டுவிட்டு, “சார், அந்தப் போன ஒரு தடவ நீங்களே ரீசெட் பண்ணி செட் பண்ணிப் பாருங்க. பாத்துட்டுக் கூப்பிடுங்க, பேசுவோம்” என்று சொல்லி வைத்துவிட்டார். மேனேஜர் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

எதிர்பாராத ஓர் அழைப்பும் வந்தது. கம்பெனியின் சாஃப்ட்வேர் பிரிவிலிருந்து ஒரு பெண். தமிழ்க்காரர்தான், மெட்ராஸ் பேச்சு. மாற்றுப் போனில் நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கும் லாக் ஃபைலை அனுப்பச் சொன்னார். என்னைத் திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“மேடம், இதை எடுக்கணும்னு நாங்க சில பேர் உள்ளே ரொம்ப நாளா சண்டை போட்டுட்டு இருக்கோம். கஸ்டமர் கம்ப்ளெயின்ட் எங்கேன்னு மேலே இருக்கிறவங்க கேட்கிறாங்க. எல்லா ஊர்லேர்ந்தும் நோ ஃபால்ட் ஃபவுண்ட்னுதான் வருது. நீங்க ஒருத்தர்தான் நடந்ததை எழுதியிருக்கீங்க.”

போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. கம்பெனி என்றால் ஒரே ஆள், ஒரே மனசு என்று நினைத்திருந்தேன். உள்ளே நமக்காகச் சண்டை போடுகிறவர்களும் இருந்திருக்கிறார்கள். நான் எழுதிய ஒவ்வொரு ‘நோ ஃபால்ட்’டும் அவர்களைத்தான் தோற்கடித்திருக்கிறது.

சில மாதம் கழித்து ஒரு அப்டேட் வந்தது. அந்தப் பரிந்துரைக்கும் ஆப்பை அழிக்கும் பட்டன் வந்தது. புதுப் போன்களில் அந்தக் கட்டம் காலியாக வந்தது. என் ஒரு ஜாப் ஷீட்டால் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் மறுபடி கூப்பிடவும் இல்லை. அவருக்கு நன்றி சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. அண்ணாச்சிக்குச் சொல்லியிருக்கிறேன். “சீல் குத்துனதுக்கா?” என்று சிரித்தார். இசக்கிக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியாமல் இருந்தேன். மெஷினைப் பற்றி அவள் சொன்ன வார்த்தை, என் பேச்சை எடுத்த எடுப்பில் நம்பாத என் கணவருக்கும் என் வீட்டுக்கும்கூடப் பொருந்தும் என்று அவளுக்குத் தெரியாது.

போன சீசனில் அவளே வந்தாள். கையில் சீல் உடைக்காத புதுப் போன். வேறொரு கம்பெனியுடையது.

“செட் பண்ணித் தாங்கக்கா.”

“இது எங்க கம்பெனி இல்லயேம்மா.”

“கம்பெனியப் பாத்தா வந்தேன்? ஒங்களப் பாத்துல்லா வந்திருக்கேன்.”

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக வாசித்தோம். இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சொல்லிக்கொண்டே வந்தேன். ஓர் அனுமதி எனக்கே புரியவில்லை. மூன்று தடவை வாசித்தும் பிடிபடவில்லை.

“இது எதுக்குன்னு எனக்குத் தெரியலம்மா” என்றேன்.

“அப்ப வேண்டாம்னு போடுங்க” என்றாள்.

அழுத்தினேன். போன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த பக்கம் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்ள இருப்பது இதுதான். கஸ்டமர் போனில் உங்கள் விரல் படும்போது, அது அவர்களுடைய விரல். அவர்கள் காதில் விழாத எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அப்படிச் சொன்னதற்காக யாரும் என்னை விட்டுப் போனதில்லை. அன்றைக்கு இசக்கி போகும்போது லாட்ஜில் வேலை பார்க்கும் இன்னும் மூன்று பேரின் பெயரைச் சொன்னாள். “அவளுவளும் போன் வாங்கப் போறாளுவ. ஒங்ககிட்டத்தான் வருவாளுவ. கொஞ்சம் நேரம் ஒதுக்கி வச்சுக்கிடுங்கக்கா.”