திருவண்ணாமலைக்கு அசதியை அளக்கப் போனேன்

போன ஆவணியில் திருவண்ணாமலை போனேன். சாமி கும்பிட அல்ல, அசதியைப் பற்றி விசாரிக்க. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு ஆளையே சாய்த்துவிடும் அசதி வரும். அது எவ்வளவு என்று அறிய ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாள் உண்டு. அதைத் தமிழாக்கிய குழுவில் நானும் ஒருத்தி. களைப்பா, சோர்வா, அசதியா என்று ஏசி அறையில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, நாங்கள் எழுதியது நோயாளிகளுக்கு விளங்குகிறதா என்று கேட்கக் கிளம்பினேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறினால் பத்தரைக்குள் போய்விடலாம். இறங்கியதும் என் ஜோல்னாப் பையைப் பார்த்த ஆட்டோக்காரர் ஆசிரமத்துக்குத்தானே என்று இருநூறு ரூபாய் சொன்னார். தேரடி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடை பாய் வீட்டுக்கு என்றதும் எண்பதுக்கு இறங்கினார். ஊரில் தெரிந்தவர் இருப்பதாகக் காட்டிக்கொள்வது நல்லது.

அந்த பாயின் மனைவி ஷாகிராதான் நான் பார்க்க வேண்டியவர் (பெயரை மாற்றியிருக்கிறேன்). முப்பத்தைந்து வயது. இந்த நோய் வந்து நான்கு வருடமாகிறது. மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். கடையை விட்டுவிட்டு வந்திருந்த கணவர் அன்வரும் கூடவே உட்கார்ந்தார். வந்தவரைத் தனியே விட்டுப் போவது அங்கே மரியாதை இல்லை. வீடு முழுக்க பிரியாணி வாசனை. பேச்சுக்கு முன்பே சாப்பிட வைத்துவிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

பிறகு கேள்விகள். கடந்த ஏழு நாளில் அசதியால் வேலை தடைபட்டதா? இல்லை. பாதியில் நிறுத்தினீர்களா? இல்லை. எல்லாவற்றுக்கும் அதே பதில். அன்வருக்கு ஒரே சந்தோஷம். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் இரண்டாவது மாடியில் காற்றோட்டமான வீடு பார்த்திருப்பதாகவும், லிஃப்ட் இல்லையே என்று யோசித்ததாகவும், இவள் இப்படித் தேறிவிட்டதால் சாயங்காலமே பேசி முடிக்கப் போவதாகவும் சொன்னார். ஷாகிரா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பதிலை வாங்கியதோடு விடமாட்டோம், எதை நினைத்து அப்படிச் சொன்னீர்கள் என்றும் கேட்போம். கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நீங்க வர்றீங்கன்னு ரெண்டு நாளா ஒரு வேலையும் தொடலக்கா. படுத்தே கெடந்தேன். அப்பதான் இன்னிக்கு எழுந்து சமைக்க முடியும். அதுக்கு முன்னாடியும் முடியாத வேலைய ஆரம்பிக்கவே மாட்டேன். செய்யாத வேல எப்படிக்கா தடைபடும்?"

உன் தங்கச்சி வந்து சமைத்தது தெரியும், ஜலதோஷம் என்றுதானே சொன்னாய் என்றார் அன்வர். குரல் இறங்கிவிட்டது. பிறகு, "மாடி ஏறிடுவியா?" என்றார்.

"காலைல ஒருவாட்டி ஏறிடுவேங்க. கீழ எறங்கிட்டா அன்னிக்கு மறுபடியும் ஏற முடியாது."

"இத ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா பாத்த வீடு."

அன்வர் அங்கேயே உட்கார்ந்தபடி வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, மாடி வேண்டாம், தரைத்தளம் காலியானால் சொல்லுங்கள் என்றார். ஷாகிரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். விருந்தாளி முன்னால் படுக்கக் கூடாது என்று அதுவரை உட்கார்ந்திருந்தவர். படுங்கள் என்று நான்தான் தலையணை எடுத்துக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள், அறை வாடகை மூன்று மடங்காகும். வெயில் தாளாதவர்கள் பதினொன்றுக்குள் வெளி வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளில் நாங்கள் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை, ஆனால் முன்னால் ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: இன்று எங்களுக்காக என்ன செய்தீர்கள்?

நோயாளி வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், வெளியே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டது ஷாகிராவின் இரண்டு நாள்.