முன்னூற்றுப் பதினெட்டு, இரண்டு தடவை

போன் லாக் எடுக்கும் தொழிலில், கையில் போனோடு வருகிறவர்தான் அதற்குச் சொந்தக்காரர் என்று நம்பினால் வேலை சீக்கிரம் முடியும். நம்பாவிட்டால் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். என்னைப்போல் ரிப்பேர் மேசையில் குனிந்து குனிந்து கழுத்து வலி வாங்கியவர்களே, இந்தச் சங்கடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

தேயிலை மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் டவுனில் என் கடை. மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கிவிட்டால் எதிர்க்கடை போர்டுகூடத் தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்வரை வருவது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. சிலரைப் பற்றி, வந்த பிறகும் ஒன்றும் சொல்ல முடிவதில்லை.

பெரட்டு நம்பர்

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அதனால் மற்றக் கடைக்காரர்களுக்குத் தெரியாத ஒரு தந்திரம் எனக்குத் தெரியும். நம்பர் தெரியாமல் லாக்கை எடுத்தால் போனில் உள்ள படம், பேச்சு எல்லாம் துடைத்தாற்போல் அழிந்துவிடும். அதனால் வேலையைத் தொடங்கும்முன், "உங்க பெரட்டு நம்பர் என்ன?" என்று கேட்பேன். காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுப்பதுதான் பெரட்டு. ஆளுக்கு ஒரு மூன்று இலக்க நம்பர். போன் ஆறு இலக்கம் கேட்டால் எங்கள் ஆட்கள் யோசிப்பதில்லை. அந்த மூன்றையே இரண்டு தடவை போட்டுவிடுவார்கள். பிறகு விரல் வைத்தே திறந்து பழகி, என்ன போட்டோம் என்பதை மறந்துவிடுவார்கள்.

கொழுந்து எடுக்கும் லெட்சுமி அக்கா இப்படித்தான் வந்தார். நூற்று நாற்பத்தாறு என்றார். இரண்டு தடவை தட்டினேன், திறந்துகொண்டது. குறி சொல்கிறவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். தினமும் காலையில் தோட்டமே கேட்கக் கூவும் நம்பரை ரகசியமாக வைத்திருக்கிறார்களே, உடனே மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கெட்டிக்காரி என்ற பேர் எனக்குப் பிடித்திருந்தது. கதவுவரை போன லெட்சுமி அக்கா திரும்பி வந்து கேட்டார்: "அப்ப எங்க பெரட்டுல நிக்கிற அம்புட்டுப் பேரும் என் போனுக்குள்ள போய்ட்டுப் போய்ட்டு வரலாமா லா?"

கங்காணி கூப்பிடுகிறார்

ஒரு கங்காணி இறந்துபோனார். அவர் மகள் போனைக் கொண்டுவந்தாள். திறக்க முடியவில்லை, ஆனால் அலாரம் மட்டும் தினமும் அடிக்கிறது என்றாள். அது மணிச்சத்தம் இல்லை, கங்காணியே தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாராம். என் தந்திரம் இங்கே பலிக்கவில்லை. மற்றவர்கள் நம்பரைக் கூப்பிடுகிற கங்காணிக்குத் தனக்கென்று பெரட்டு நம்பர் ஏது? லாக்கை எடுத்தால் குரலும் அழிந்துவிடும் என்றேன். அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

மறுநாள் பகல் இரண்டு மணி. வெளியே நல்ல மூட்டம். கடையில் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து போன் கவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மேசையிலிருந்து செத்த மனிதர் கத்தினார்: "எடைக்கு வாங்க! கூடையத் தூக்கு! என்னா பேச்சு அங்க?" அந்தப் பெண்கள் இருவரும் கவர்களைப் போட்டுவிட்டு, தங்கள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, விறைப்பாக எழுந்து நின்றார்கள். சத்தம் நின்ற பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் மெதுவாக உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "பொதச்சு ஒரு மாசம் ஆச்சு, இன்னும் எங்கள எடைக்குக் கூப்புடுறாரு பாருங்க."

பதினோராம் நாள்

அந்தக் கங்காணி மகளுக்குப் பிறகு, இறந்தவர் போன் என்று யார் வந்தாலும் எனக்கு மனசு இளகிவிடும். மற்றவர்களிடம் அடையாளத்துக்கு ஐசி கேட்பேன், வாங்கிய ரசீது கேட்பேன். துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது? வாய் வராது.

இப்படி ஒரு மத்தியானம் ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தேய்த்த சட்டை, தாழ்ந்த குரல். "பொஞ்சாதி தவறிட்டாக்கா. செல்வின்னு பேரு. இன்னியோட பதினோரு நாளு. கருமாதிக்கு ஒரு போட்டோ பெருசு பண்ணணும், எல்லாம் இதுலதான் இருக்கு" என்றான். பெரட்டு நம்பர் முன்னூற்றுப் பதினெட்டு என்றும் அவனே சொன்னான். முன்னால் சைபர் போட்டு, பின்னால் சைபர் போட்டு எல்லாம் பார்த்தானாம். நான் இரண்டு தடவை தட்டினேன். திறந்தது. லாக்கே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றான். எடுத்தேன். பிறகு படம் தேட கேலரிக்குள் போனேன்.

முதல் படத்துக்கு மேல் 'இன்று' என்று இருந்தது. ஒரு நீல வாளி, அதில் வெள்ளைச் சாமந்திக் கட்டு. தேதி தப்பாக இருக்கும் என்று போனின் நாளைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு படம் வந்து முதல் படத்தைப் பக்கத்தில் தள்ளியது. அதில் பூக்கட்டைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கை. கட்டைவிரலில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. இயேசுவே என்று வாய்க்குள் சொன்னேன். செத்தவள் எனக்கு எதிரில் இருந்து படம் எடுத்து அனுப்புவதுபோல் இருந்தது.

அடுத்த நிமிஷம் புத்தி வேலை செய்தது. ஒரே கணக்கைப் பழைய போனிலும் புதுப் போனிலும் வைத்திருந்தால், புதியதில் எடுத்த படம் பழையதிலும் வந்து நிற்கும். செல்வி சாகவில்லை. இந்தப் போனை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். எங்கேயோ பூத்தோட்டத்தில் கட்டு எண்ணி, கணக்குக்காகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன். செத்தவளை நினைத்து இல்லை, உயிரோடு இருப்பவளுக்குக் கருமாதி நாள் எண்ணிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தவனை நினைத்து.

"கெடச்சிதாக்கா?" என்றான். பழைய படம் தேடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் கணக்கை அந்தப் போனிலிருந்து நீக்கினேன். லாக் இல்லாத போனில் யாரும் எதையும் செய்யலாம் என்பது அன்று எனக்கு உதவியது. இன்றைய படங்கள் மறைந்தன. போனிலேயே தங்கியிருந்த ஒரு தீபாவளிப் படத்தைப் பெரிதாக்கி, அச்செடுத்து நீட்டினேன். சிவப்புச் சேலை, வாய் கொள்ளாத சிரிப்பு. அவன் அதைப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்தான். என் முதுகுக்குப் பின்னால் போன் கவர்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டான்: "கண்ணாடியில வெள்ளப் பூவு ஒன்னு தெரிஞ்சிச்சே, அது எங்கக்கா போச்சு?"

துங்கு

எனக்குத் தெரியாது என்றேன். சிரித்துவிட்டு வெளியே போனான். அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் தோட்டம் இருக்கும் பக்கம் இறங்கவில்லை, கியா பார்ம் மேட்டில் ஏறியது. அதைத் தாண்டினால் திரிங்காப். அங்கே மலைச்சரிவு முழுக்கப் பூத்தோட்டங்கள். ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாலும் சாயந்திரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவான். வழி காட்டிக் கொடுத்தவள் நான்.

ஆனால் அவன் பார்க்காத ஒன்றை நான் பார்த்திருந்தேன். வாளியின் மேல் சிவப்புச் சாயத்தில் தோட்டத்துச் சீன முதலாளியின் பேர் எழுதியிருந்தது. தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் அந்த முதலாளி என்னிடம் போன் ரிப்பேர் பண்ணுகிறவர்தான். கூப்பிட்டு, புதிதாக ஒரு தமிழ்ப் பெண் வேலைக்கு வந்திருக்கிறாளா என்று மலாயில் கேட்டேன். "அடா, துங்கு" என்றார். இருக்கிறாள், இரு என்று அர்த்தம்.

காத்திருந்தேன். பிளாஸ்டிக் கூரையில் மழைத்துளி விழும் சத்தம். பிறகு யாரோ மூச்சு விடும் சத்தம். "செல்வி, ஒன் வூட்டுக்காரன் ஒன் பழைய போனோட என் கடைக்கி வந்தான். நான்தான் தெரியாமத் தொறந்துட்டேன். இப்ப திரிங்காப்புக்குத்தான் வர்றான். ஒடனே கெளம்பு" என்றேன். மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது. சுவரோடு பேசுகிறோமோ, செத்தவளோடுதான் பேசுகிறோமோ என்று ஆகிவிட்டது எனக்கு. கடைசியில் மெல்லிய குரல் வந்தது: "செல்வின்னு இங்க யாரும் இல்லீங்க."

நேரில் வந்தவள்

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. தவுக்கேயைக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பூப் பிடித்த கை ஞாபகம் வரும். பேப்பரில் பெண் பிணம் என்று எங்கே போட்டிருந்தாலும் வயது என்ன என்று தேடுவேன். கடைக் கதவு தள்ளப்படும்போதெல்லாம் அவன்தான் என்று நிமிர்ந்து பார்ப்பேன். ஒரு மாதத்துக்குமேல் இப்படிப் போனது.

ஒரு மூட்டமான மத்தியானம் கதவு திறந்தது. மழைக்கோட்டு போட்ட பெண். அதன் தலைமூடியைப் பின்னால் தள்ளினாள். கருமாதிக்கென்று நான் பெரிதாக்கிக் கொடுத்த முகம். சிரிப்பு மட்டும் இல்லை. போனை மேசையில் வைத்து, "நம்பர் மாத்துறது எப்டின்னு காட்டுங்க, நானே மாத்திக்கிறேன். அந்தப் பக்கம் திரும்பிக்குங்கக்கா" என்றாள். திரும்பிக்கொண்டேன். திரும்பியபடியே மன்னிப்புக் கேட்டேன், அழுகை வந்துவிட்டது.

அன்று நான் பேசி முடித்ததும் தவுக்கே அவளைப் பூ லாரியில், பெட்டிகளுக்கு நடுவில் ஏற்றி அனுப்பிவிட்டாராம். அரை மணி நேரத்தில் இவன் அங்கே போய் நின்றிருக்கிறான், அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது போலீஸ் ரிப்போர்ட் விஷயமாக மலைக்கு வந்திருக்கிறாள், சாயந்திரமே இறங்கிவிடுவாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவன் என்ன சொல்லிப் போனைத் திறந்தான் என்று அவள்தான் கேட்டாள். தயங்கித் தயங்கிச் சொன்னேன். பிறகு முதல் தடவையாக அந்தத் தீபாவளிப் படத்துச் சிரிப்பு வந்தது: "நான் செத்துட்டேன்னா சொன்னான்? நல்லதாப் போச்சுக்கா, இனி யாரு வந்து கேட்டாலும் நீங்களும் அப்டியே சொல்லிடுங்க."

இப்போது என் கடைக் கதவில், போனுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்தால்தான் லாக் எடுக்கப்படும், இறந்தவர்களுக்கும் இதே விதிதான் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இறந்தவர்களில் இதுவரை ஒருத்தி வந்துபோயிருக்கிறாள்.