தேராவில் ஒரு கேசட் கம்பெனி

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குத் துபாயில் இறங்கினேன். 2004 டிசம்பர். விமான நிலையத்திலிருந்து கராமாவுக்கு டாக்ஸிக்கு முப்பத்தைந்து திர்ஹாம். ரூபாயில் பெருக்கிப் பார்த்து வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு பெருக்குவதையே விட்டுவிட்டேன். நான் ஊர் சுற்ற வந்தவன் இல்லை. ஒரு கேசட்டைத் தேடி வந்தவன்.

எண்பதுகளில் என் அண்ணன் இங்கே ஜெபல் அலி துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தார். டியூட்டி முடிந்ததும் தேராவில் ஒரு சின்னக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவார். அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டரை டிவியோடு இணைக்க வேண்டும். புரோகிராம்கள் பாட்டுக் கேசட்டில்தான் வரும். குழந்தைகளுக்குக் கூட்டல் சொல்லித்தரும் ஒன்றை அண்ணன் எழுதினார். விடை சரியாக இருந்தால் திரையில் ‘மலர்’ என்று ஓடும். மலர் அவருடைய மகள். அவள் முகத்தைப் பார்க்காமலே மாரடைப்பில் போய்விட்டார். அவள் இப்போது கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள்.

“சித்தப்பா, எனக்கு வேற எதுவும் வேண்டாம். அந்தக் கேசட் மட்டும் கெடச்சா கொண்டாங்க,” என்றாள் கிளம்பும்போது.

மாலை நான்கரை. பர்துபாய்த் துறையிலிருந்து தேராவுக்கு அப்ரா என்னும் படகு. ஐம்பது ஃபில்ஸ், அரை திர்ஹாம்தான்; ஐந்து நிமிடம். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்.

“புதுசா வந்தனீங்களோ? எங்க வேலை?”

“வேலைக்கு வரல. அண்ணன் செஞ்ச ஒண்ணத் தேடி வந்தேன்.”

“அவர் இப்ப எங்க?”

“இப்ப இல்ல,” என்றேன். நல்ல மனிதர், மேற்கொண்டு கேட்கவில்லை.

மசாலாக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. கம்பெனியை நடத்திய காயல்பட்டினத்துக் காதர் பாய் இப்போது அங்கே மொபைல் உறை விற்கிறார். என் முகத்தில் அண்ணன் சாயலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“இந்த ரூம்லதான் பத்து டேப் ரிக்கார்டர வரிசையா வச்சு காப்பி எடுப்போம் தம்பி. ஒங்க அண்ணனோட கணக்குன்னா அரபுப் பிள்ளைங்களுக்கு உசிரு. எதுத்த கடைக்காரன் ஒண்ணு வாங்கி நூறா அடிச்சு வித்தான். கலாஸ், மூடிட்டேன். மிச்சச் சரக்கெல்லாம் லேபர் கேம்ப் ஆளுங்களுக்குக் கொடுத்தேன், ஊருக்குப் பேசி அனுப்பட்டும்னு.”

அன்று வீட்டில் போன் ஏது? இங்கிருப்பவர்கள் கேசட்டில் பேசி, லீவில் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் பதில் பேசித் திருப்பி அனுப்புவோம்.

“ஒண்ணு கூடவா மிஞ்சல?” என்றேன்.

“மூலக் கேசட் இருக்கே!”

மேசை இழுப்பறையிலிருந்து பிரிக்காத ஒரு பழுப்புப் பொட்டலத்தை எடுத்தார்.

“கம்பெனி மூடுனதும் இத அவரே எடுத்துக்கிட்டாரு. ஒரு பக்கத்துல பேசி ஊருக்கு அனுப்புனாரு. மறுபக்கம் புரோகிராம் இருக்கு பாய், பதிலோட திரும்பி வந்துரும்னாரு. அவரு தபாலெல்லாம் என் கடைக்குத்தான் வரும். இதுவும் வந்துச்சு. அவருதான் இல்ல. பிரிக்க மனசு வரல தம்பி.”

பிரித்தேன். ‘மலர்’ என்று அண்ணன் கையெழுத்து. பழைய டேப் ரிக்கார்டரில் பாய் அதைப் போட்டார். முதல் பக்கத்தில் அண்ணியின் குரல், குழந்தையின் மழலை. திருப்பிப் போட்டார்.

“கீச்சுன்னு இரைச்சல் வந்தா புரோகிராம் இருக்குன்னு அர்த்தம்.”

இரைச்சல் வரவில்லை. அரும்பு மீசை வயதுக் குரல் ஒன்று வந்தது.

“அண்ணே, நான்தான். இந்தப் பக்கம் ஒரே கீச்சுக் கீச்சுன்னு இருந்துச்சு. கேசட் கெட்டுப்போச்சுன்னு அழிச்சிட்டு அதுலயே பேசுறேன். வரும்போது எனக்கு ஒரு வாட்ச்...”

பாய் சட்டென்று நிறுத்தினார். என் வாட்ச் ஆசையைக்கூட அண்ணன் கேட்டிருக்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி, விமான நிலையம். என்னைச் சுற்றி எல்லோரும் கம்பளியும் பால்பவுடரும் கட்டி ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். நான் ஊரிலிருந்து வந்ததையே திருப்பிக் கொண்டுபோகிறேன். திருவனந்தபுரத்தில் மலர் வந்து நிற்பாள். கிடைத்ததா என்பாள். கேசட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிடலாம். அதைப் போட்டுக் கேட்கும்போது, அவள் பெயரை அழித்தவனின் குரல் அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.