மாமாவின் றேடியேற்றர்

யாழ்ப்பாணத்தில் றேடியேற்றர் என்றால் லொறியின் மூக்குக்குள் இருந்து எஞ்சினைக் குளிரவைக்கிற சாமான். ரொறன்ரோவில் அதே பெயரில் ஒன்று வீட்டைச் சூடாக்கியது. கனடா செய்த இந்த ஒரு குழறுபடியை மட்டும் மாமா மன்னிக்கவேயில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஊரில் சொந்தமாக லொறிக் கராஜ் வைத்திருந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் வந்து, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அடியில் இருந்த எங்கள் பேஸ்மென்டில் அப்போது, தண்ணீரைக் காய்ச்சி வீட்டைச் சூடாக்கும் பொயிலரும் வெறும் சீமெந்தும்தான். அங்கே ஒரு மேசையைப் போட்டு, தெரிந்த ஆட்களின் கார் ஸ்டாட்டர்களைத் திருத்தத் தொடங்கினார். இந்தத் தொழில் நிலைத்துவிட்டால் கோப்பைகளுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிடலாம். ஆனால் மார்கழி வந்ததும் விரல்கள் விறைத்து, குறடு பிடிக்க முடியாமல் போயிற்று.

அப்பா கடையிலிருந்து ஒரு விளம்பரத் தாளோடு வந்தார். பொயிலரிலிருந்து குழாய் பிரித்து, சுவரோரமாக நீளத் தகரப் பெட்டி ஒன்றைப் பூட்டினால், அதற்குள் சுடுதண்ணி ஓடி அறை சூடாகுமாம். அதுவும் ஒருவகை றேடியேற்றர்தானாம். அம்மாவோ, பிளக்கில் செருகும் கீற்றர் ஒன்று போதும் என்றார்.

மாமாவுக்குச் சிரிப்பு. "றேடியேற்றர் சூட்டை எடுக்கிற சாமானெல்லோ அத்தான்! உது எங்கயிருந்து குடுக்கும்?"

"எடுக்கிற சூட்டை அது எங்கயடாப்பா விடுறது? வெளியிலதானே?"

மாமாவின் சிரிப்பு நின்றது. பிறகு துள்ளி எழும்பினார். "அப்ப ஒண்டும் வாங்காதேங்கோ. நான் செய்யிறன்."

அந்தச் சனிக்கிழமை, பழைய வான் ஒன்றின் றேடியேற்றரைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ரப்பர் குழாயால் அதைப் பொயிலரோடு இணைத்து, பின்னால் மேசை விசிறியை வைத்தார். விசிறி சுழன்றதும் சுடுகாற்று வந்தது. அம்மா கீழே இறங்கி, ஜக்கற்றைக் கழற்றிவிட்டு, ஈர உடுப்புகளைக் கொடியில் போட்டார். "என்ர தம்பியடா!" என்று அவர் சொன்னபோது மாமாவின் நெஞ்சு அரை அடி முன்னுக்கு வந்தது. விசிறியைப் போடுவது என் வேலை. "லொறியை ஸ்டாட் பண்ணு ராசா" என்பார் மாமா. எங்கள் வீட்டுக்குள் ஒரு லொறி ஓடியது. அதற்கு நான் டிரைவர்.

வீட்டுத் தண்ணீரின் அழுத்தத்தை வானின் றேடியேற்றர் எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அது வெடித்துக் கிடந்தது. ஊரார் ஸ்டாட்டர்கள் எல்லாம் துருத்தண்ணீரில் குளித்தன. பொயிலர் நின்றுபோய் மேல் வீடும் விறைத்தது. தங்கச்சி இருமத் தொடங்கினாள்.

அம்மா மெல்லிய குரலில் எங்களிடம் சொன்னார்: "ஆரும் அவனுக்கு ஒண்டும் சொல்லக் கூடாது."

ஒருவரும் சொல்லவில்லை. பைப்பை இறுக்கி மூடாவிட்டால் அரைமணி நேரம் பிரசங்கம் வைக்கிற அப்பாகூட மாமாவோடு மரியாதையாகப் பேசினார். எனக்கு அது பெரிய அதிசயம். கப்பை உடைத்தால் எனக்கும் இந்தச் சட்டம் உண்டா என்று கேட்டு, அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினேன்.

அடுத்த கிழமை அப்பா ஆளைக் கூப்பிட்டு, பொயிலரைத் திருத்துவித்து, அந்தத் தகரப் பெட்டியையே பூட்டுவித்தார். பேஸ்மென்ட் சத்தமில்லாமல் சூடாகியது. மாமா ஸ்டாட்டர்களைத் துடைத்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு கீழே இறங்கவேயில்லை. பக்கத்து நகரமான மிசிசாகாவில் ஏதோ தொழிற்சாலையில் வேலை என்று அவர் உடுப்புப் பெட்டி கட்டிய அன்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, கீழ இப்ப நல்ல சூடு. வாங்கோவன், வேலை செய்வம்."

"உங்கட அப்பான்ர றேடியேற்றர் நல்ல சாமான் ராசா," என்றார். "இருந்த சூடு முழுக்க எடுத்துப்போட்டுது."

"ஐயோ மாமா, எடுக்கேல்ல! குடுக்குது!"

மாமா என் தலையைத் தடவினார். இவ்வளவு காலம் கனடாவில் இருந்தும் எடுப்பது எது, கொடுப்பது எது என்று தெரியாத மாமா என்று, வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.